பத்திரிகை வைக்க வந்த படம்: அரபு சினிமாவும் தமிழ்ப் பார்வையாளரும்

கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் உயரிய விருது சுவர்ண சகோரம். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது அடுத்தடுத்து அரபு மொழிப் படங்களுக்கே போனது. முதலாவது எகிப்தின் முகமது தியாப் இயக்கிய ‘கிளாஷ்’. அடுத்தது பாலஸ்தீன இயக்குநர் அன்னமரி ஜாசிரின் ‘வாஜிப்’. 2025 டிசம்பரில் அதே விழா முப்பதாவது முறையாக நடந்துகொண்டிருந்தபோது இந்த இரு படங்களும் வேறொரு பட்டியலில் சேர்ந்தன. தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்களிக்க ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை முதலில் மறுத்த 19 படங்களின் பட்டியல் அது. ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொதெம்கின்’கூட அதில் இருந்தது. எல்லாவற்றையும் திரையிடுவோம் என்று கேரள அரசு அறிவித்தது. சர்ச்சைக்குப் பின் பெரும்பாலான படங்களுக்கு அனுமதி வந்தது.

விருது பெற்ற படம் சில ஆண்டுகளில் ஐயத்துக்குரிய படமாகிறது. அயல்நாட்டில் அரபு சினிமாவைத் திரையிடுவதைப் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று விழா மலர்கள் அழைக்கின்றன. அந்தப் பரிமாற்றத்தில் யார் எதைத் தருகிறார்கள், யார் எதைப் பெறுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வியை ஓர் ஊரில் ஊன்றிப் பார்ப்பது நல்லது. பழநி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி அதற்குப் பொருத்தமானது. பக்கத்திலிருக்கும் பழநி நிலையத்தில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் விழா நடக்கும் திருவனந்தபுரத்துக்கே இரவோடிரவாகப் போய்ச் சேரலாம். ரயில் இருக்கிறது, படம்தான் ஆயக்குடிக்கு வந்து சேர்வதில்லை.

பாக்தாத் என்றோர் அரங்கம்

தமிழ்த் திரை அரபுலகை அறியாதது அல்ல. 1941இல் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கதையில் நடித்தார்கள். அதே கதையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எம்.ஜி.ஆர், பானுமதியைக் கொண்டு எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். ‘லைலா மஜ்னு’ (1950), ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ (1957), ‘பாக்தாத் திருடன்’ (1960) என வரிசை நீளும். குகை, ஒட்டகம், அடிமைச் சந்தை, வாள்வீச்சு, தலைப்பாகை, கூடவே நல்ல பாட்டுகள். அந்தப் படங்கள் தந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அவற்றின் பாக்தாதில் இருபதாம் நூற்றாண்டு இல்லை. பேருந்து, வாடகை வீடு, வேலைநிறுத்தம், பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது.

இரண்டாவது அரபுலகம் வளைகுடாவிலிருந்து வந்தது. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்கள் போன நாடுகளில் சிங்கப்பூருக்கு அடுத்தபடி அமீரகமும் சவுதி அரேபியாவும் முன்வரிசையில் இருந்தன. தமிழ்நாட்டின் ஏராளமான குடும்பங்களுக்கு அரபு நாடு என்பது மாதாமாதம் வந்த பணம், அத்தர், கம்பளி, ஊருக்கு வரும்போது தூக்க முடியாமல் தூக்கி வந்த பெட்டி. மூன்றாவது அரபுலகம் செய்தித் தொலைக்காட்சியின் இடிபாடுகள். மாயக்கதை, சம்பளம், போர். இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு சராசரி அரபுக் குடும்பம் எப்படிப் பேசிக்கொள்கிறது, எதற்குச் சண்டை போடுகிறது என்பது தமிழ்ப் பார்வையாளரின் கண்ணில் பட வாய்ப்பே இல்லாமல் போனது.

தமிழில் தீவிர சினிமா எழுத்துக்குக் குறைவில்லை. சு.தியடோர் பாஸ்கரன் தமிழ்ச் சினிமா வரலாற்றுக்கு அடித்தளம் போட்டார். யமுனா ராஜேந்திரன் மூன்றாம் உலக அரசியல் சினிமாவைத் தொடர்ந்து அறிமுகப்படுத்தினார். திருநாவுக்கரசின் ‘நிழல்’ இதழ் சிற்றூர் இளைஞர்களிடம் கேமராவைக் கொண்டுபோனது. அமைப்புகளும் இருந்தன. இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கியபோது சென்னையின் அம்மு சுவாமிநாதன் அதன் முன்னோடிகளில் ஒருவர். மதுரையில் அமுதன் ஆர்.பி. முன்னின்று நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா 1998இலிருந்தும், சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003இலிருந்தும் நடக்கின்றன. கோவையில் கோணங்கள் திரைப்படச் சங்கம் இயங்கியது. ஆனாலும் தமிழ் வாசகர் மனத்தில் ‘மேற்காசியச் சினிமா’ என்றதும் எழுவது மஜீத் மஜீதியும் கியரோஸ்தமியும்தான். அவர்கள் ஈரானியர்கள், அவர்களின் மொழி பாரசீகம். ஈரானியப் படங்களின் மேல் வைத்த நியாயமான அன்பு, பக்கத்திலிருக்கும் அரபுப் படங்களையும் பார்த்துவிட்டதுபோன்ற ஒரு நிறைவைத் தந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

விழா என்னும் வடிகட்டி

அரபு சினிமாவை அயலில் திரையிடும் முயற்சிகள் பெரும்பாலும் மேற்கு நகரங்களில் வேர்விட்டவை. பாரிஸில் 1987இல் திறக்கப்பட்ட அரபுலக நிறுவனம் 1992 முதல் 2006 வரை ஈராண்டுக்கொருமுறை அரபுப் பட விழாவை நடத்தியது. சான் பிரான்சிஸ்கோவில் 1996இலும் பெர்லினில் 2009இலும் சுவீடனின் மால்மோவில் 2011இலும் லண்டனில் 2012இலும் தனித்தனி விழாக்கள் தொடங்கின. இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி டெல்லியில் நடந்தது. ‘சினிமாயா’ இதழை நடத்திய அருணா வாசுதேவ் 1999இல் ஆசியப் படங்களுக்காக ஒரு விழாவைத் தொடங்கினார். ஓசியன்ஸ் நிறுவனம் அதைப் பொறுப்பேற்ற பிறகு ஆசிய, அரபு சினிமா விழாவாக அது விரிந்தது. ஆசியாவையும் அரபுலகையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பெயரே துணிச்சலானது. 2012க்குப் பின் விழா தொடரவில்லை.

இவ்விழாக்கள் பற்றி இரண்டு வாசிப்புகள் உண்டு. முதல் வாசிப்பு இவற்றை நல்லெண்ணத் தூதாகக் காண்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றிய மலிவான பிம்பத்தை அந்தச் சமூகமே எடுத்த படம் உடைக்கும் என்பது அதன் நம்பிக்கை. அமெரிக்காவில் அரபுக் குடியேறிகள் நடத்திய விழாக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஹாலிவுட் அவர்களைக் காட்டிய விதத்தை நினைத்தால் காரணம் விளங்கும்.

இரண்டாவது வாசிப்பு கடுமையானது. விழாத் தேர்வாளரின் விருப்பமே தயாரிப்பின் அச்சாகிவிடுகிறது என்கிறது அது. பணம் பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறது. முதல் திரையிடல் கான், வெனிஸ், பெர்லின் நகரங்களில் நடக்கிறது. ஆகவே அடக்கப்பட்ட பெண், போர், அகதி, அடிப்படைவாதம் ஆகியவை பற்றிய கதைகளுக்கே கதவு திறக்கிறது.

சான்றுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஹைஃபா அல்-மன்சூரின் ‘வஜ்தா’ (2012) முழுவதும் சவுதி அரேபியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம். சவுதிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. ஜெர்மன் நிறுவனத்தின் கூட்டுத் தயாரிப்பு இல்லாமல் அது உருவாகியிருக்காது. தெருவில் ஆண்களோடு நின்று இயக்க முடியாத இடங்களில் இயக்குநர் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் கட்டளை கொடுத்தார். அப்போது அவருடைய நாட்டில் பொதுத் திரையரங்குகளே கிடையாது. முப்பத்தைந்து ஆண்டுத் தடைக்குப் பின் 2018 ஏப்ரலில்தான் திறந்தன. சொந்த ஊரில் திரையில்லாத படத்துக்கு அயல்திரைதான் முதல் வீடு. இந்த நிலையில் ‘மேற்கின் விருப்பத்துக்கு எடுத்த படம்’ என்று அதை ஒதுக்குவது அநியாயம்.

பாலஸ்தீனப் படங்களின் நிலை வேறு. ஹானி அபு அசாதின் ‘பாரடைஸ் நவ்’ (2005) ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, எந்த நாட்டுப் படம் என்று எழுதுவதிலேயே தகராறு வந்தது. ‘பாலஸ்தீனம்’ என்ற பெயர் ‘பாலஸ்தீனப் பகுதிகள்’ என மாறியது. படத்துக்கு இடம் கிடைத்தது; படத்தை அனுப்பியவர்களின் நாட்டுப் பெயருக்குக் கிடைக்கவில்லை. 2025இல் இங்கே நடந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்வுதான். எந்த அரபுப் படம் எப்போது பரிமாற்றம், எப்போது பிரச்சினை என்பதைப் பார்வையாளர் தீர்மானிப்பதில்லை.

விழாக்களுக்கு வெளியே வழியில்லையா என்றால், இருக்கிறது. லெபனானின் நதீன் லபாக்கி இயக்கிய ‘கபர்நாம்’ 2018இல் கானில் நடுவர் பரிசு பெற்றது. 2019இல் சீனத் திரையரங்குகளில் வழக்கமான வணிகப் படம்போல் வெளியாகி, அங்கே மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெய்ரூட் சேரிச் சிறுவனின் கதையைச் சீனப் பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். ஆசியாவின் பொதுமக்களுக்கு அரபுப் படம் அந்நியம் என்ற வாதம் இதற்கு மேல் நிற்காது.

பயணப்படாத படங்கள்

விழா வடிகட்டியில் தங்கிப்போன பெரும் பரப்பு எகிப்தின் வெகுமக்கள் சினிமா. தமிழருக்கு மிக நெருக்கமானதும் அதுதான் என்பது இழப்பைப் பெரிதாக்குகிறது.

1935இல் கெய்ரோவில் ஸ்டுடியோ மிஸ்ர் திறக்கப்பட்டது. தேசிய முதலாளியான தல்அத் ஹர்ப், தம் வங்கிப் பணத்தில் எகிப்தியப் படத்தொழிலுக்கென்று கட்டிய அரங்கம் அது. அதே ஆண்டில் சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இரண்டும் காலனி ஆதிக்கத்தின் நிழலில், உள்ளூர் முதலில், உள்ளூர் மொழியில் எழுந்த முழு வசதிப் படக்கூடங்கள்.

ஸ்டுடியோ மிஸ்ரின் முதல் முழுநீளப் படம் ‘விதாத்’ (1936). நாயகி உம் குல்தூம். அரபுலகம் முழுவதையும் வானொலிக்கு முன் உட்காரவைத்த அந்தப் பாடகி மொத்தம் ஆறு படங்களில் நடித்தார். 1947இல் வந்த ‘ஃபாத்மா’வுடன் திரையை விட்டு விலகி மேடைக்கும் வானொலிக்குமே தம்மைக் கொடுத்தார். ‘விதாத்’தை இயக்கியவர் ஃபிரிட்ஸ் கிராம்ப் என்ற ஜெர்மானியர். இப்போது சென்னைக்குத் திரும்பலாம். எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘சாவித்திரி’ (1941), ‘மீரா’ (1945) ஆகியவற்றில் நடித்தார். ‘மீரா’வின் இந்தி வடிவம் 1947இல் வந்தது, அத்துடன் திரை முடிந்தது, கச்சேரி மேடை நிலைத்தது. ‘சகுந்தலை’யையும் ‘மீரா’வையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர்.

இந்த ஒற்றுமை வெறும் தற்செயல் அல்ல. பேசும்படம் வந்த புதிதில், படம் என்பதே பாட்டைக் கேட்கும் இன்னொரு மேடையாக இரண்டு சமூகங்களிலும் பொருள்பட்டது. பாடகியின் குரலை நம்பிப் பணம் போட்டார்கள். தொழில்நுட்பம் தெரிந்த வெளிநாட்டவரை அழைத்துக்கொண்டார்கள். கதை குரலுக்கு இடம்விட்டு நடந்தது. கண்ணியம் குறித்த கவலையும் இரண்டு இடங்களிலும் பாடகியைத் திரையிலிருந்து மேடைக்கு நகர்த்தியது என்று ஊகிக்க இடமுண்டு. ஐரோப்பிய விமர்சகர் எகிப்திய இசைப்படத்தை ஹாலிவுட்டின் மலிவான நகலாகக் கண்டு கடந்து போகலாம். தமிழ்ப் பார்வையாளர் அப்படிக் கடக்க மாட்டார். நடுவில் வரும் ஏழு நிமிடப் பாட்டு அவருக்குத் தடங்கலே ஆகாது.

யூசுஃப் ஷாஹீன் இந்த இரு உலகங்களுக்கும் நடுவில் நின்றவர். அவருடைய ‘பாப் அல்-ஹதீத்’ (1958) கெய்ரோ ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்கும் ஒரு கால் ஊனமுற்றவனின் கதை. ஷாஹீனே அந்த வேடத்தில் நடித்தார். வெளியானபோது எகிப்தியப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை, இன்று அது அரபு சினிமாவின் சிகரங்களில் ஒன்று. ‘அல்-மஸீர்’ (1997) பன்னிரண்டாம் நூற்றாண்டு மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் நூல்கள் எரிக்கப்பட்டதைச் சொல்கிறது. மத அதிகாரத்துக்கும் அறிவுக்குமான மோதலை, ஆட்டமும் பாட்டும் குதிரையோட்டமும் நிறைந்த வெகுமக்கள் வடிவத்தில் அவர் சொன்னார். கான் விழா அந்த ஆண்டு அவருடைய வாழ்நாள் பணிக்காகத் தன் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பரிசை அளித்தது. ‘அல்-மஸீர்’ தமிழ் ஒலியோடு ஒரு டூரிங் டாக்கீஸில் ஓடியிருந்தால் கூட்டம் கூடியிருக்கும் என்று நம்பச் சகல நியாயமும் இருக்கிறது.

ஒருவழிப் பாதை

எதிர்த்திசைப் போக்குவரத்துக்கு இந்தத் தயக்கமே இல்லை. இந்தியப் படங்கள் எகிப்தில் பல பத்தாண்டுகள் பெரும் செல்வாக்கோடு ஓடின. வால்டர் ஆம்பிரஸ்ட் என்ற மானுடவியலாளர், இந்தியப் படம் எகிப்திய வாழ்வில் எங்கும் நிறைந்திருந்தும் அறிவுலகப் பேச்சில் இடம்பெறாமல் போனதை எழுதியிருக்கிறார். தமிழ்ப் படங்கள் இன்று வளைகுடாத் திரையரங்குகளில் ஊரோடு ஒத்த நாளில் வெளியாகின்றன. பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே என்பதால் அதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. சந்தை நம் மக்களைத் தொடர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

போன படங்கள் என்ன கொண்டுபோயின என்பதையும் கேட்க வேண்டும். 2022இல் ‘எஃப்ஐஆர்’, ‘பீஸ்ட்’ இரண்டையும் குவைத் தடைசெய்தது. ஒரு நாடு படத்தைத் தடைசெய்வதை ஆதரிக்க இயலாது; 2025இன் 19 படங்களுக்கு ஒரு நியாயம், இதற்கொரு நியாயம் இருக்க முடியாது. ஆனாலும் அரபு உருவத்தைப் பயங்கரவாதத்தோடு சேர்த்தே எழுதும் பழக்கம் நம் வணிகப் படங்களில் ஊறியிருக்கிறது. சேலத்து பாக்தாதின் திருடர்கள் அறுபது ஆண்டுகளில் துப்பாக்கி ஏந்தியவர்களாக மாறியிருக்கிறார்கள்; பக்கத்து வீட்டுக்காரர்களாக மட்டும் மாறவில்லை. மலையாளத்தில் எடுத்துத் தமிழிலும் வந்த ‘ஆடு ஜீவிதம்’ (2024) ஓமான் நடிகர் தாலிப் அல்-பலூஷியை நடிக்கவைத்து, ஜோர்தானிலும் அல்ஜீரியாவிலும் படமானது. அங்கேயும் மையத்தில் இருப்பது நம் தொழிலாளியின் துயரம். அது சொல்லப்பட வேண்டிய துயரம். அரபு மனிதர் தம் கதையைத் தாமே சொல்வதைக் கேட்க வேறு படங்கள் வேண்டும்.

ஆயக்குடியிலிருந்து பார்த்தால்

‘வாஜிப்’ படத்தின் கதை எளிது. நாசரேத் நகரில் ஓய்வை நெருங்கும் ஓர் ஆசிரியர். இத்தாலியில் வேலை பார்க்கும் மகன் தங்கையின் திருமணத்துக்கு வந்திருக்கிறான். தகப்பனும் மகனும் பழைய வால்வோ காரில் ஒரு நாள் முழுக்க வீடு வீடாகப் போய்க் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறார்கள். தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை. யார் வீட்டில் காப்பி குடிக்காமல் வரக்கூடாது, யாரை விட்டால் மனத்தாங்கல் வரும், வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி உறவினரிடம் தகப்பன் எந்தப் பொய்யைச் சொல்லிவைத்திருக்கிறார் என்பதெல்லாம்தான் படம். இஸ்ரேலிய அதிகாரத்தோடு தொடர்புள்ள ஒரு நண்பரை அழைப்பதா என்ற சண்டையில் ஆக்கிரமிப்பு மொத்தமும் அந்தக் காருக்குள் வந்து உட்காருகிறது. முகமது பக்ரி, சாலிஹ் பக்ரி என்ற நிஜத் தகப்பனும் மகனுமே நடித்திருக்கிறார்கள்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, பங்காளி வீட்டுக்கு முதலிலா மாமன் வீட்டுக்கு முதலிலா என்று வரிசை பார்க்கும் ஊரில் இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. ஐரோப்பிய விழாக்களில் அமர்ந்தவர்கள் முதலில் அரசியலைப் பார்த்துப் பிறகு குடும்பத்தைக் கண்டிருப்பார்கள். ஆயக்குடியில் குடும்பம் முதலில் புரியும். அரசியல் அதன் வழியே வந்து சேரும். அந்த இரண்டாவது வழி ஆழமானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வெளியாருக்குக் காட்டுவது என்ற நிலையிலிருந்து பரிமாற்றம் என்ற நிலைக்கு ஒரு படம் நகர்வது, பார்ப்பவர் தம் வாழ்க்கையை எதிரே வைத்துப் பார்க்கும்போதுதான்.

‘வஜ்தா’வும் அப்படியே. ரியாத்தில் பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் வேண்டும். பெண் சைக்கிள் ஓட்டக்கூடாது என்கிறது ஊர். பணம் சேர்க்கக் குர்ஆன் ஓதும் போட்டியில் அவள் சேர்கிறாள். தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார், பி.சாய்நாத் அதை எழுதினார். பிறகு அரசே பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. அந்த மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பெண், ‘வஜ்தா’வைப் பரிதாபத்தோடு பார்க்க மாட்டாள். தன் பாட்டி, அம்மாவின் கதையின் இன்னொரு வடிவமாகப் பார்ப்பாள். 2022இலிருந்து பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் திட்டத்தையும் வைத்திருக்கிறது. அதில் இடம்பெற இந்தப் படத்துக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

தடைகள் மூன்று. திரையிடல் உரிமையை வெளிநாட்டு விற்பனை முகவரிடமிருந்து பெற வேண்டும். தனிநபர் ஓடிடி கணக்கில் பொதுவில் படம் காட்ட முடியாது. சான்றிதழ் விலக்கு அடுத்தது. மூன்றாவது, தமிழில் துணைவசனம். முதல் இரண்டும் அரசும் திரைப்படச் சங்கங்களும் கூடித் தீர்க்க வேண்டியவை. மூன்றாவதைச் சமூகமே செய்யலாம். கேரளத்தில் எம்சோன் என்ற தன்னார்வக் குழு 2012இலிருந்து ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்கு மலையாளத் துணைவசனம் எழுதியிருக்கிறது. திருவனந்தபுரத்து அரங்குகள் நிறைவதற்கும் இந்த வீட்டுப்பாடத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. தமிழில் அந்த அளவுக்கு ஓர் உழைப்பு இன்னும் திரளவில்லை. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பியபோது வீட்டுப் பெண்கள் அவற்றை எவ்வளவு விரைவாகத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இடத்துக்கும் ஆளுக்கும் ஆயக்குடியில் குறைவில்லை. அரசுப் பணித் தேர்வுக்கு மரத்தடியில் இலவசப் பயிற்சி நடத்தி, பல மாவட்ட இளைஞர்களை வார இறுதிகளில் வரவழைத்த ஊர் அது. கட்டணமில்லாமல் கூடிப் படிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் கூடிப் பார்ப்பதும் நடக்கும். மொழிபெயர்ப்புக்கும் தமிழ்நாட்டின் ஊர்களில் ஒரு செல்வம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ரியாத்திலும் தம்மாமிலும் பத்து, இருபது ஆண்டுகள் ஓட்டுநராக, கடைப் பணியாளராக இருந்து திரும்பியவர்களின் பேச்சு அரபி அது. பாலஸ்தீனப் பேச்சுவழக்கு அவர்களுக்குச் சற்று விலகியிருக்கும். ‘வஜ்தா’வின் சவுதிப் பேச்சு காதில் விழுந்து பழகியது. கல்லூரி மாணவர் ஆங்கிலத் துணைவசனத்தை வைத்துத் தமிழில் எழுத, வசவுக்கும் கெஞ்சலுக்கும் கேலிக்கும் சரியான தொனியை இவர்கள் சொல்லித் தரலாம்.

அதே படத்தில் வஜ்தாவின் அம்மாவை வேலைக்கு அழைத்துப் போகும் ஓட்டுநர் இக்பால் வருகிறார். தெற்காசியாவிலிருந்து பிழைக்கப் போனவர், உடைந்த அரபியில் பேசுபவர். பெண்கள் கார் ஓட்ட அப்போது தடையிருந்த நாட்டில் அந்த அம்மாவின் வேலை இக்பாலின் கோபதாபங்களை நம்பியிருக்கிறது; இக்பாலின் பிழைப்போ அவர்களின் தயவை நம்பியிருக்கிறது. வஜ்தாவும் அவளுடைய தோழனும் அவர் குடியிருக்கும் பகுதிக்கே தேடிப் போய்ப் பேசும் காட்சியும் உண்டு. மேற்கின் திரையரங்குகளில் அவர் ஒரு துணைப் பாத்திரம். சவுதியில் கார் ஓட்டித் திரும்பியவர் ஆயக்குடித் திரையிடலில் உட்கார்ந்தால், படம் முடிந்ததும் விவாதம் இக்பாலிடமிருந்தே தொடங்கும். அவருக்கு மாதம் என்ன கொடுத்தார்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, அந்த அம்மா அவரிடம் அப்படிப் பேசியது சரியா என்று கேள்விகள் வரும். அவற்றில் சில, இயக்குநருக்கே அனுப்பத் தக்கவையாக இருக்கும்.